தடையுற்ற மாணவி

முப்பத்தெட்டுப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் மகிழ்ச்சியை அளந்து ஒரு பட்டியல் வெளியானது. அதில் நம் கதைப் பல்கலைக்கழகம் முப்பத்தெட்டாவதாக வந்தது. முப்பத்தேழாவதாக வந்த பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு விடுதிக் கூரை இடிந்து விழுந்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூரை இடிந்தவர்களைவிட நம் பிள்ளைகள் சோகமாக இருக்கிறார்களே என்று துணைவேந்தர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் ஒரு குழு போட்டார்.

குழு ஓராண்டு யோசித்தது. மாணவர்கள் மகிழ்ச்சியாக இல்லாததற்குக் காரணம் அவர்களால் பொழுதுபோக்க முடியாததுதான், பொழுதுபோக்க முடியாததற்குக் காரணம் தடைகள்தான் என்று கண்டுபிடித்தது. ஆகவே தடைகளை நீக்க ஒரு மையம் வேண்டும் என்றது. மையம் என்றால் அதற்கு ஓர் அறை வேண்டுமே. பல்கலைக்கழகத்தின் எல்லா அறைகளிலும் யாராவது முக்கியமான வேலை செய்துகொண்டிருந்தார்கள், அல்லது செய்வதாகச் சொன்னார்கள். வேலை எதுவுமே நடக்காத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாணவர்கள் டேபிள் டென்னிஸ் ஆடும் அறை. அதை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த விவரம் எதுவும் நெட்டைக்குத் தெரியாது. நெட்டை மண்ணியல் மூன்றாம் ஆண்டு மாணவி. விடுதியில் பல்பு போனால் நாற்காலி போடாமல் மாற்றிக் கொடுக்கிற உயரம். அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அவளுடைய அக்கா. அக்கா தங்கையின் தோள் வரைக்கும்தான் இருப்பாள் என்பதால் அந்தப் பெயரில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருந்தது. நெட்டை களப்பணி என்று எட்டு மாதம் ஆற்றங்கரையில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்துவிட்டு அந்தத் திங்கட்கிழமைதான் திரும்பியிருந்தாள். திரும்பிய கையோடு அக்காவிடமிருந்து போன் வந்தது.

அக்கா மருத்துவமனைச் செவிலி. கடல் தாண்டிய ஒரு ஊரில் வேலை கிடைத்து, நான்கு வருட ஒப்பந்தத்தில் கிளம்புகிறாள். நடுவில் விடுமுறை கிடையாது.

"சனிக்கிழமை ரெண்டரைக்கு என் பஸ் வந்துடும். அஞ்சு மணிக்கு ரயில். உன் காலேஜ் ஸ்டேஷன்லேருந்து பத்து நிமிஷ நடைதானே? ஒரே ஒரு ஆட்டம் போடறோம். நான் ஜெயிச்சுட்டு நிம்மதியா ரயிலேறிடறேன்."

"பார்க்கலாம்" என்றாள் நெட்டை.

"என்னத்தைப் பார்க்கறது? பதினோரு வருஷமா பார்த்துட்டுத்தானே இருக்கோம்."

அந்தப் பதினோரு வருஷக் கணக்கு வீட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. சாப்பாட்டு மேசையின் நடுவே அகராதியையும் பழைய பாடப் புத்தகங்களையும் வரிசையாக நிற்கவைத்து, அதுதான் வலை என்று ஆடிய ஆட்டங்கள் அவை. தட்டு வைக்க இடமில்லாமல் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அக்கா இருநூற்றுப் பன்னிரண்டு, தங்கை இருநூற்றுப் பதினொன்று. முதல் ஆட்டத்தில் அக்கா ஜெயித்தாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட இரண்டும் சமமாக வந்ததில்லை. ஜெயிக்கவெல்லாம் வேண்டாம், சமமாக வந்தால் போதும் என்று நெட்டை நினைத்தாள். இந்த ஒரு ஆட்டம் தப்பினால் நான்கு வருஷம் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது அவள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அக்காவும் ஊரில் இருக்கமாட்டாள், சண்டை போடக்கூட.

மட்டை இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு டேபிள் டென்னிஸ் அறையைப் பார்க்கப் போனாள். கதவுக்கு மேல் புதுப் பலகை தொங்கியது. 'ஓய்வுத் தடை நீக்கல் மற்றும் மகிழ்ச்சி மேம்பாட்டு மையம்'. உள்ளே அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேசை. தரை வரை தொங்கும் பச்சை விரிப்பு, அதன் மேல் கோப்புகள். ஒரு மூலையில் எழுத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க டேபிள் டென்னிஸ் மேசை இருந்துச்சே சார், எங்கே?"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "டேபிள் டென்னிஸ் மேசை, ஒன்று. நிலை, பயன்பாட்டில்."

"யார் பயன்படுத்தறாங்க?"

"அது இந்தப் பதிவேட்டுல இல்லைம்மா. மேசை விசாரணைன்னா இயக்குநர் கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி உங்க தடையெல்லாம் நீங்கியிருக்கணும். இதை நிரப்புங்க."

அறுபத்து நான்கு கேள்விகள் கொண்ட படிவம். நெட்டை மேசையோரமாக நின்றபடி நிரப்பினாள். மேசையின் நடுவே விரிப்புக்கு அடியில் ஒரு பிளவு ஓடியது. பேனா அதில் இறங்கிக் காகிதத்தில் ஓட்டை விழுந்தது.

"அந்த இடத்துல எழுதாதீங்க" என்றார் எழுத்தர். "நடுவுல பிளவு. கப் வெச்சாக்கூடச் சாயுது. மேசை செய்யத் தெரியாதவன் எவனோ செஞ்சிருக்கான்."

பன்னிரண்டாம் கேள்வியில் நெட்டை நின்றுவிட்டாள். உங்கள் ஓய்வுக்குத் தடையாக இருப்பது எது? அ) நேரமின்மை. ஆ) ஆர்வமின்மை. இ) துணையின்மை. ஈ) இவை அனைத்தும்.

"இதுல எதுவும் எனக்கு இல்லை சார். மேசை இல்லை, அவ்வளவுதான்."

"அப்படி ஒரு தடை பட்டியல்ல கிடையாதே."

"சேர்த்துக்கலாமே சார்."

எழுத்தர் பொறுமையாக விளக்கினார். "மாணவர்களைக் கேட்டுத்தாம்மா இந்தப் பட்டியலைத் தயாரிச்சாங்க. கேட்ட சமயத்துல மேசை இங்கேயேதான் கிடந்துச்சு. அதனால மேசை இல்லைன்னு ஒருத்தரும் சொல்லலை. சொல்லாததை நாங்களா சேர்க்க முடியுமா?"

ஒரு கேள்வியை விட்டாலும் படிவம் செல்லாது என்று கடைசி வரியில் அச்சிட்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஈ-யில் டிக் அடித்தாள். அறைக்குள் வரும்போது அவளுக்கு ஒரு தடையும் இல்லை. வெளியே போகும்போது மூன்று இருந்தன.

மூன்றுக்கும் மூன்று முத்திரை வாங்க வேண்டும். முதலில் நேரமின்மை. சனிக்கிழமை மூன்று மணிக்கு இந்த மாணவிக்கு வேலை எதுவும் இல்லை என்று ஐந்து ஆசிரியர்கள் கையெழுத்திட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை நெட்டை முதல் ஆசிரியரிடம் போய் நின்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சனிக்கிழமை மூணு மணிக்கு நீ சும்மாவா இருக்கே?"

"ஆமா சார்."

"நல்லவேளை சொன்னே" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்பது மண் மாதிரிகளைச் சலித்துத் தரும்படி ஒரு பெட்டியைக் கொடுத்தார். இரண்டாமவர் கையெழுத்தோடு ஒரு கட்டுரைத் தலைப்பையும் கொடுத்தார். மூன்றாமவர் தன் வகுப்பில் இப்படி ஓய்வாக இருக்கிற ஆளும் உண்டு என்பதை அன்றுதான் அறிந்து, மற்றவர்களின் விடைத்தாள்களைக் கூட்டிப் பார்க்கச் சொன்னார். நான்காமவர் ஒரு கருத்தரங்கில் நாற்காலி அடுக்கச் சொன்னார். ஐந்தாமவர் நல்ல மனிதர், படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு படிக்காமல் போட்டுவிட்டோமே என்று மனசு உறுத்தியிருக்க வேண்டும். அவளைத் திரும்பக் கூப்பிட்டுப் படித்துப் பார்த்துவிட்டு ஒரு வரைபடம் வரையச் சொன்னார். மாலையில் ஐந்து கையெழுத்தும் ஐந்து வேலையுமாக அவள் மையத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"பாருங்க, உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கு" என்று சொல்லி எழுத்தர் முத்திரை குத்தினார்.

அன்று இரவு முழுக்கவும் மறுநாள் பகல் முழுக்கவும் நெட்டை சலித்தாள், கூட்டினாள், வரைந்தாள். எட்டு மாதம் ஆற்றங்கரையில் தோண்டியபோதுகூட இவ்வளவு மண்ணைப் பார்த்ததில்லை என்று தோன்றியது. புதன்கிழமை மாலை ஆர்வமின்மைக்கான முத்திரையைத் தேடி மனத்தடை நிபுணரிடம் போனாள். அதே பச்சை விரிப்பு மேசையின் நடுப்பக்கம்தான் அவருக்கு இடம். அமைதியான முகம் கொண்ட அம்மாள்.

"விளையாடணும்னு ஆசை இருக்கா?"

"இருக்கு மேடம்."

"நிஜமாவே?"

"நிஜமாவே மேடம்."

நிபுணர் பேனாவைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டார். "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஏழு மாசமா இங்க உட்கார்ந்திருக்கேன். ஆசை இல்லாத ஒருத்தர்கூட வரலை. ஆசை வரவைக்கறது எப்படின்னு ரெண்டு வருஷம் படிச்சிருக்கேன், தெரியுமா?"

நெட்டைக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஆசை இருந்தா முத்திரை போட முடியாதா மேடம்?"

"இல்லாத தடையை எப்படிம்மா நீக்கறது?"

இன்னும் இரண்டே நாள். நெட்டை கொஞ்சம் யோசித்தாள். "எனக்குப் பந்தைப் பார்த்தா கொஞ்சம் பயம் மேடம்."

நிபுணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு மாதமாகப் பூட்டிக் கிடந்த முகம் மெல்லத் திறந்தது. "எதனால பயம்?"

"உருண்டையா இருக்கறதால."

"எத்தனை நாளா?"

"பிறந்ததுலேருந்து மேடம்."

"கண்ணை மூடுங்க. பந்தை நினைச்சுக்குங்க. இப்ப அது மெதுவா சதுரமாகுது. எப்படி இருக்கு?"

"பரவாயில்லை மேடம்."

மூன்று நிமிடத்தில் பயம் போனது. நிபுணர் முத்திரையை இரண்டு முறை குத்தினார், ஒன்று தடைக்காக, இன்னொன்று தன் ஆசைக்காக. வாசல் வரை வந்து, "வேற ஏதாவது பயம் இருந்தா தயங்காம வாங்க" என்று வழியனுப்பினார்.

மூன்றாவது துணையின்மை. "எங்கக்கா இருக்காங்க சார், அவங்கதான் என்கூட ஆடப்போறவங்க" என்று வியாழக்கிழமை எழுத்தரிடம் சொன்னாள்.

"அவங்க இங்க படிக்கிறாங்களா?"

"இல்லை."

"அப்ப அக்காங்கறதெல்லாம் துணைக் கணக்குல வராது. நானே ஒருத்தரை ஒதுக்கறேன்." அவர் ஒரு கோப்பை உருவினார். "ஆராய்ச்சி மாணவர். துணை இல்லைன்னு மையம் ஆரம்பிச்ச முதல் வாரமே எழுதிக் குடுத்திருக்கார். சதுரங்கத்துக்கு."

"சதுரங்கத்துக்கும் இதுக்கும் எப்படி சார் ஒத்துவரும்?"

"உங்களுக்கும் துணை இல்லை, அவருக்கும் துணை இல்லை. ஒரே முத்திரையில ரெண்டு தடை போச்சு. இதைவிட என்ன ஒத்துவரணும்?"

அந்த ஆராய்ச்சி மாணவரை நெட்டை கடைசி வரை பார்க்கவில்லை. அவர் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் போய் ஆறு மாதமாகிறது என்று பிறகு தெரியவந்தது.

வெள்ளிக்கிழமை காலை மூன்று முத்திரையோடு இயக்குநர் முன் போய் நின்றாள். இயக்குநருக்கு மேசையின் மறுகோடி. அவர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து வந்து கை குலுக்கினார்.

"மூணும் நீங்கின முதல் மாணவி நீங்கதான். நாளைக்கு மூணு மணிக்கு விழா வெச்சிருக்கோம். துணைவேந்தர் வர்றார். ஆளில்லாம தவிச்சிட்டிருந்தேன்."

"நாளைக்கா? எங்கக்கா ஊருக்குப் போறாங்க சார். ரெண்டு மணி நேரம்தான் இருப்பாங்க. அதுக்குள்ள ஒரு ஆட்டம் ஆடணும். அந்த மேசை எங்கேன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லிட்டீங்கன்னா..."

"விழா முடிஞ்ச கையோட விசாரணைக் கடிதத்துல கையெழுத்துப் போடறேன். இருபது நிமிஷ வேலை. அக்காவையும் கூட்டிட்டு வாங்க, கூட்டம் கம்மியா இருக்கு."

சனிக்கிழமை அக்கா பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கைப்பையில் புதுப் பந்து ஒன்று இருந்தது. "எங்கடி மேசை?" என்பதுதான் வந்ததும் கேட்ட முதல் கேள்வி. நெட்டை திங்கள் முதல் வெள்ளி வரை நடந்த கதையைச் சொல்லச் சொல்ல அக்கா நடப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "ஆஸ்பத்திரில மூளைப் பிரிவுல அஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்கேன். இப்படிக் கேட்டதில்லை" என்றாள்.

மையத்தின் வாசலுக்குக் குறுக்கே, இடுப்பளவு உயரத்தில், சிவப்பும் வெள்ளையுமாக வண்ணம் பூசிய இரும்புத் தடுப்பு ஒன்று படுத்திருந்தது. விழாவுக்கென்று பட்டறையில் சொல்லிச் செய்தது. துணைவேந்தர் கயிற்றை இழுத்தால் அது மேலே எழும். உள்ளே நிற்கும் நெட்டை வெளியே வருவாள். அவள் கழுத்தில் எழுத்தர் ஓர் அட்டையை மாட்டிவிட்டார். ஒரு பக்கம் 'தடையுற்ற மாணவி'. மறுபக்கம் 'மகிழ்ச்சியான மாணவி'. வாசலைத் தாண்டியதும் திருப்பிக்கொள்ள வேண்டும், முன்னாடியே திருப்பிவிடக் கூடாது. அக்கா யாரையும் கேட்காமல் பெட்டியோடு தடுப்புக்கு அடியில் நுழைந்து தங்கை பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

இயக்குநர் ஒலிபெருக்கி முன் தொண்டையைச் செருமினார்.

"இந்த மையம் தொடங்கியபோது ஒரு மாணவருக்குச் சராசரியாக இரண்டு தடைகள்தான் இருந்தன. ஏழு மாத அயராத உழைப்பால் அதைப் பதினொன்றாக உயர்த்தியிருக்கிறோம். அதாவது, கண்டறிந்திருக்கிறோம். இதே காலத்தில் மகிழ்ச்சி ஐந்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்திருக்கிறது. இதைச் சிலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். தடைகள் கூடினால் மகிழ்ச்சி குறையும் என்பது எங்கள் ஆய்வின் முடிவு. தடைகள் கூடின, மகிழ்ச்சி குறைந்தது. எங்கள் ஆய்வு சரி என்பதற்கு இதைவிடச் சான்று என்ன வேண்டும்?"

முன்வரிசையில் கைதட்டினார்கள். துணைவேந்தர் கயிற்றை இழுத்தார். தடுப்பு அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தார். கயிறு கையோடு வந்துவிட்டது.

பட்டறைக்காரரைக் கூப்பிட்டார்கள். "விழாவுக்கு முன்னாடி மாணவர்கள் யாரும் தூக்கிடக் கூடாது, கெட்டியா இருக்கணும்னு எழுதிக் குடுத்தாங்க சார். அதான் விழுந்தா பூட்டிக்கற மாதிரி செஞ்சேன். திறக்கணும்னு யாரும் எழுதலை. ஸ்பானர் போட்டாத்தான் வரும். ஸ்பானர் பட்டறைல இருக்கு" என்றார். பட்டறை மைதானத்துக்கு அந்தப் பக்கம். அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை.

"நான் குனிஞ்சு வந்துடட்டுமா சார்?" என்று நெட்டை கேட்டாள்.

இயக்குநர் பதறிப்போனார். "குனியாதீங்க. தடை இன்னும் நீக்கப்படலை. நீங்க குனிஞ்சு வந்துட்டா நாங்க எதை நீக்கறது?" என்று சொல்லிவிட்டு, இடைவெளியை நிரப்பப் பேச்சின் இரண்டாம் பகுதியைத் தொடங்கினார்.

மணி மூன்றே கால். அக்கா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, புதுப் பந்தைக் கைப்பையின் அடியில் தள்ளினாள். அதுதான் நெட்டைக்கு அழுகையை வரவழைத்தது. ஒரு வாரம் ஓடியும் ஒரு ஆட்டத்துக்கு வழி செய்ய முடியவில்லையே என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது. அக்கா கால் வலிக்க மேசை விளிம்பில் ஏறி உட்கார்ந்தாள். பச்சை விரிப்பு வழுக்கி ஒரு பக்கம் இறங்கியது. அடியில் கரும்பச்சைப் பலகையும் அதன் ஓரம் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடும் தெரிந்தன.

அக்கா மெதுவாகக் கீழே இறங்கினாள். நடுவில் இருந்த பிளவை விரலால் தடவினாள். "நீ எத்தனை நாளா இதுமேல படிவம் நிரப்பறே?"

"திங்கட்கிழமையிலேருந்து" என்றாள் நெட்டை. மூலையில் ஒரு பள்ளம் இருந்தது. முதலாண்டில் தோற்ற கோபத்தில் மட்டையால் அவளே அடித்த பள்ளம்.

கோப்புகள் தரைக்குப் போயின. விரிப்பு நாற்காலிக்குப் போனது. வலைக்கு என்ன செய்வது என்று அக்கா சுற்றிப் பார்த்தாள். அலமாரியில் 'மாணவர் மகிழ்ச்சி ஆய்வறிக்கை' ஐந்து தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. யாரும் பிரித்துப் படிக்காததால் விறைப்பாக நேரே நின்றன. பதினைந்தையும் பிளவின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். சாப்பாட்டு மேசை அகராதியைவிட ஒரு விரற்கடைதான் உயரம்.

"ஒரே ஆட்டம். பதினொண்ணு" என்றாள் அக்கா.

வெளியே இயக்குநர், ஓய்வு என்பது ஒரு பொறுப்பு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே உள்ளிருந்து டொக் டொக் என்று சத்தம் வந்தது. முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழுத்தை நீட்டினார்கள். அக்கா ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் போனாள். நெட்டை கையை எட்டிப் போட்டு ஆறுக்கு ஆறு ஆக்கினாள். அக்கா குனிந்து பந்தை எடுக்கும்போது கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். அந்த வார்த்தையைக் கேட்டு எட்டு மாதமாயிற்று என்று நெட்டைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் ஒரு புள்ளி போனது. அதற்கும் சிரித்தாள்.

எழுத்தர் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டினார். "மூணரைக்கு மகிழ்ச்சியை அளந்தாகணும்மா. ஒன்னுலேருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு?"

"அப்புறம் சார்" என்றாள் நெட்டை, பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுத்தர் 'பதில் இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டு போனார்.

ஒன்பதுக்கு ஒன்பது. அப்போதுதான் பட்டறைக்காரர் ஸ்பானரோடு வந்தார். இரண்டு திருப்பு. தடுப்பு மேலே எழும்பியது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"வெளியே வாங்க" என்றார் இயக்குநர்.

"ரெண்டே நிமிஷம் சார். ஒம்போதுக்கு ஒம்போது."

"தடை நீங்கிடுச்சு. இனிமே நீங்க எந்தக் கவலையும் இல்லாம விளையாடலாம். அதுக்கு முதல்ல விளையாட்டை நிறுத்திட்டு வெளியே வாங்க."

நெட்டை மட்டையைக் கீழே வைத்துவிட்டாள். மூன்றாண்டுப் பழக்கம், பெரியவர்கள் வா என்றால் கால் தானாக நகரும். அக்கா வைக்கவில்லை. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்து வந்தாள். நோயாளியின் படுக்கைக் கம்பியை இறக்குகிற லாவகத்தோடு இரண்டு கையாலும் தடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கினாள். டக் என்று பூட்டிக்கொண்டது.

"மன்னிச்சுக்குங்க சார்" என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். "சர்வீஸ் யாருது?"

"என்னுது" என்றாள் நெட்டை.

பட்டறைக்காரர் ஸ்பானரை ஆள் மூலம் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். துணைவேந்தர் அறுந்த கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு தடுப்பின் மேல் சாய்ந்தார். விழா தொடங்கியதிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை.

"ஸ்கோர் என்ன?" என்று கேட்டார்.

இயக்குநர் காகிதத்தைப் புரட்டினார். "ஐந்துக்கு ரெண்டு சார், போன தடவை மூணு..."

"உங்களைக் கேட்கலை."

"பத்துக்குப் பத்து சார்" என்று உள்ளிருந்து அக்கா சொன்னாள்.

அதன் பிறகு ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். பத்துக்குப் பத்து வந்துவிட்டால் இரண்டு புள்ளி முந்துகிறவருக்குத்தான் ஆட்டம். பதினொன்றுக்குப் பத்து, நெட்டை முன்னால். அடுத்த பந்தை அக்கா ஓங்கி அடித்தாள். நெட்டை எட்டித் தடுத்தாள். பந்து பறந்து போய் மூன்றாம் தொகுதியின் தலையில் பட்டு, கொஞ்சம் யோசித்து, அக்கா பக்கம் செத்து விழுந்தது. அந்த ஆய்வறிக்கையால் ஒரு மாணவிக்குப் பயன் ஏற்பட்டது அதுவே முதல் தடவை.

"அறிக்கைல பட்டது செல்லாது" என்றாள் அக்கா.

"அகராதில பட்டதெல்லாம் பதினோரு வருஷமா செல்லிச்சே."

அக்கா கொஞ்ச நேரம் மூன்றாம் தொகுதியை முறைத்தாள். பிறகு தங்கையின் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பி, 'மகிழ்ச்சியான மாணவி' என்ற எழுத்துக்குக் கீழே எழுத்தரின் பேனாவால் 212 – 212 என்று எழுதினாள். "நான் வர்ற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். கதவுல யாரும் கோடு போடக் கூடாது" என்றாள். நெட்டை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அக்காவின் தலை அவள் தோளில் சரியாகப் பொருந்தியது.

மேசை விளிம்பில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டிருந்ததில் மணி நாலே முக்கால் ஆகிவிட்டது. அக்கா பெட்டியைத் தடுப்புக்கு அடியில் தள்ளிவிட்டுக் குனிந்து வெளியே போனாள். நெட்டை தயங்கி இயக்குநரைப் பார்த்தாள்.

"குனியாதீங்க, ஸ்பானர் வந்துட்டே இருக்கு" என்றார் அவர்.

அக்கா வெளியிலிருந்து கையை நீட்டினாள். "வாடி, ரயிலுக்கு நேரமாச்சு."

நெட்டை குனிந்தாள். அவ்வளவு உயரத்தைக் குனிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது, அவ்வளவுதான். ஸ்டேஷன் வரை இருவரும் ஓடினார்கள். ரயில் மறைந்த பிறகும் நெட்டை நடைமேடையில் நின்று நன்றாக அழுதாள். கழுத்தில் அட்டை தொங்குவது விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை மாலை மையத்தின் பக்கம் போனாள். தடுப்பு கீழே பூட்டிக் கிடந்தது. எழுத்தர் நாற்காலியை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே டொக் டொக் என்றது.

"மேசை பயன்பாட்டில் இருக்கும்மா" என்றார்.

"யாரு சார் உள்ளே?"

"துணைவேந்தரும் இயக்குநரும். மாணவர்களுக்குத் தடை இல்லாம ஆட வருதான்னு சோதிச்சுப் பார்க்கறாங்க."

"எவ்வளவு நேரமா?"

"காலைலேருந்து." எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். "புதுசா அச்சடிச்சிருக்கு, பாருங்க. பன்னிரண்டாம் கேள்வில ஒன்னு சேர்த்திருக்கோம். உ) மேசை பயன்பாட்டில் இருப்பது."

நெட்டை படிவத்தை வாங்கிப் பார்த்தாள். உண்மையாகவே சேர்த்திருந்தார்கள். அதை இரண்டாக மடித்து எழுத்தரின் மடியில் வைத்தாள். பையிலிருந்து மட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"குனிஞ்சு போகக் கூடாதும்மா" என்றார் எழுத்தர், எழுந்திருக்காமல்.

"தோத்தவங்க வெளியே வரட்டும் சார், அடுத்த ஆட்டம் என்னுது" என்று உள்ளே அவள் குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இயக்குநர் வியர்த்து வழிய வெளியே வந்து, எழுத்தருக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றார். எழுத்தர் அவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்.